பிலோமினா டீச்சர் அடக்கம் யாருக்கு?

மைசூர் என்.ஆர். மொஹல்லா பக்கம் கிறிஸ்தவர் வீட்டில் ஒரு சாவு என்று கேள்விப்பட்டால், சகாயமேரியின் மனதில் எழும் முதல் கேள்வி போனவர் யார் என்பதல்ல. பெட்டி எந்தக் கடையில் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான். அதற்காக அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது. அவள் பிழைப்பு அது. சவப்பெட்டி, ஐஸ் பெட்டி, வண்டி, பந்தல், நாற்காலி, சிலுவை, மாலை என்று ஒரு அடக்கத்துக்கு வேண்டியதையெல்லாம் தரும் கடை அவளுடையது. மாமனார் தொடங்கி வைத்தது. அவர் போன பிறகு மூத்த மகன் எட்வர்ட் வண்டி ஓட்டினான், அவன் மனைவி சகாயமேரி கடையைப் பார்த்துக்கொண்டாள். இளையவன் டேவிஸ் அண்ணனுக்குக் கூடமாட ஒத்தாசையாக இருந்தான். ஊரில் வேறு நல்ல கடை கிடையாது. செத்தவர்கள் எல்லாரும் ஒழுங்காக இவர்களிடமே வந்து சேர்ந்தார்கள்.

பிறகு டேவிஸுக்குக் கல்யாணம் ஆகி, நிம்மி வந்தாள்.

நிம்மி கல்யாணத்துக்கு முன் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பஸ்களை அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தவள். எந்த பஸ் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும், ஒரு டிரைவர் லீவு போட்டால் இன்னொருவனை எங்கிருந்து இழுப்பது, மழையில் எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வந்த புதிதில் ஓரகத்தியின் கடையில் வந்து உட்கார்ந்து, "அக்கா, போன் வந்தா எடுத்துக்க ஒரு ஆளு தனியா வேணும்" என்று சொல்லிப் பார்த்தாள். "நான் ஆளா தெரியலையா?" என்றாள் சகாயமேரி. வருஷம் திரும்புவதற்குள் அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். டேவிஸும் நிம்மியும் அடுத்த தெருவிலேயே ஒரு கடை போட்டார்கள்.

"ஆபீஸ் பஸ்ஸை அனுப்புனவளுக்கு அடக்கம் பண்ணத் தெரியுமா? நோடலாம், பாக்கலாம், எத்தனை நாளைக்கு ஆடறான்னு" என்றாள் சகாயமேரி, எட்வர்டிடம்.

தெரிந்தது. அதுதான் கொடுமையாகப் போயிற்று.

நிம்மி நடத்தும் அடக்கங்களுக்கு, ஒரே கோவிலைச் சேர்ந்தவள் என்கிற முறையில் சகாயமேரியும் போவாள். கறுப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் நாலா பக்கமும் ஓட்டுவாள். ஒரு குறை, ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும், அன்று இரவு நன்றாகத் தூங்கலாம். கிடைக்காது. நிம்மியின் கடையில் இருந்து வரும் ஆட்கள் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வருவார்கள். ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் ஒயர் எட்டுமா என்று முதலிலேயே பார்த்திருப்பார்கள். கல்லறையில் குழி தோண்டுகிறவனுக்குச் சொல்லியாயிற்றா, கோவிலில் பூசைக்கு நேரம் வாங்கியாயிற்றா என்று வீட்டுக்காரர்கள் யாரையும் கேட்டு அலைய வேண்டியதில்லை. அவர்கள் கேட்பதற்கு முன்னால் நிம்மியே போன் பண்ணிச் சொல்லிவிடுவாள். வண்டி கிளம்பிவிட்டது என்பாள். வந்து பார்த்தால் உண்மையிலேயே கிளம்பியிருக்கும்.

இந்தக் கடைசி விஷயம்தான் சகாயமேரிக்கு ஆறவே ஆறாது. ஏனென்றால் அவள் கடையின் வழக்கம் வேறு. யார் போன் பண்ணினாலும் "வந்துக்கிட்டே இருக்கோம்" என்பாள். எட்வர்ட் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருப்பான். "நீங்க கவலைப்படாதீங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பாள். பார்த்தும் கொள்வாள், பொய் இல்லை. ஆனால் பெட்டி எப்போது வரும், பந்தல் எப்போது வரும் என்று துக்க வீட்டில் ஒருவர் போனும் கையுமாக வாசலில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும், அந்தத் தலையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பூசைக்கு மணி அடித்துவிடும்.

அவளிடம் இருந்த ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். காந்திநகரில் பிறந்து வளர்ந்தவள் அவள். கல்யாணத்துக்கு முன் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்திருக்கிறாள். இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, கையில் ஜெபமாலை சுற்றி வைப்பதை அவளைப் போல யாரும் செய்ய மாட்டார்கள். முகம் கோணியிருந்தால்கூட அவள் கை பட்டதும் தூங்குகிற முகமாக ஆகிவிடும். பெற்ற பிள்ளைகளே தொடத் தயங்கும் உடம்பை அவள் "கையைக் கொடும்மா, அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு" என்று பேசிக்கொண்டே துடைப்பாள். ஆனால் அது உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை. வெளியே நிற்கிற ஊருக்குத் தெரிவது வண்டி நேரத்துக்கு வந்ததா இல்லையா என்பது மட்டும்தான். ஒவ்வொரு வீடாக நிம்மி பக்கம் சாய்ந்தது. சகாயமேரிக்கு வயிறு எரிந்தது. டாக்டரிடம் காட்டி கேஸ் மாத்திரை சாப்பிட்டாள். அது வேறு எரிச்சல் என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்?

எல்லா வீடும் போனாலும் ஒரு வீடு தன்னைவிட்டுப் போகாது என்று அவள் நம்பியிருந்தாள். அது பிலோமினா டீச்சர் வீடு. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கோவில் பங்கைச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள், மீதிப் பேர் அடி வாங்கியவர்களின் பிள்ளைகள். அவர் அடக்கத்துக்கு ஊரே திரண்டு வரும். அதை யார் செய்கிறார்களோ, அதற்குப் பிறகு ஊர் அவர்கள் பக்கம். அதோடு சகாயமேரியை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தாயும் அவர்தான். முறைப்படி தனக்குத்தான் வர வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அதையும் நிம்மி தட்டிக்கொண்டு போய்விட்டால் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். டீச்சருக்கு வயது எண்பதுக்கு மேல். சகாயமேரி அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்வாள், நிஜமாகவே. கூடவே, போகும்போது தன் வண்டியில் போக வேண்டும் என்றும் வேண்டிக்கொள்வாள்.

ஒரு நாள் காலைப் பூசை முடிந்து, கோவிலில் மணி அடித்து மெழுகுவத்தி ஏற்றும் கோவில்பிள்ளை, கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே சொன்னான். "ஃபாதர் பிலோமினா டீச்சர் வீட்டுக்குப் போயிருக்காரு. அவஸ்தை பூச."

அவஸ்தை என்பது நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செய்யும் ஜெபம். அந்தக் காலத்தில் அவஸ்தை பூசியாயிற்று என்றால் ஆள் முடிந்தது என்று அர்த்தம், உறவுக்கெல்லாம் ஆள் அனுப்பிவிடுவார்கள். இப்போது அப்படி இல்லை. கொஞ்சம் உடம்புக்கு முடியவில்லை என்றாலும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இது சகாயமேரிக்கும் தெரியும். ஆனால் அடுத்த தெருவில் நிம்மி இருக்கிறாளே!

"என்னங்க, வண்டியை எடுங்க."

"டீச்சர் போயிட்டாங்களா? யாரு சொன்னா?" என்றான் எட்வர்ட்.

"போயிடுவாங்க. எடுங்கன்னா!"

நிம்மியின் கடையைத் தாண்டும்போது அவளுடைய வண்டிகள் வாசலில் சும்மா நின்றன. சகாயமேரிக்கு அதைப் பார்த்து வந்த சந்தோஷம் இருக்கிறதே, பண்டிகைக்குப் புதுப் புடவை எடுத்தபோதுகூட வந்ததில்லை. தூங்குடி நிம்மி, நல்லா தூங்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

டீச்சர் வீட்டுச் சந்தில் எட்வர்ட் வண்டியைப் பின்னால் எடுத்தான். கதவைத் திறந்து ஐஸ் பெட்டியை இறக்கியபோது பக்கத்து வீட்டு லிங்கம்மா பார்த்துவிட்டாள். "அய்யோ, ஹோகிபிட்ரா டீச்சரம்மா, போயிட்டாரா!" என்று வாயில் அடித்துக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில் சந்தே வெளியே வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அழுதுகொண்டே போனை எடுத்து நாலு பேருக்குச் சொன்னார்கள். பெட்டி வாசல் படி ஏறும்போது டீச்சரின் மகள் ரெஜி கையில் இட்லித் தட்டோடு வெளியே வந்தாள்.

"மேரி அக்கா? என்ன இது?"

உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. வகுப்பறையில் கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்ட அதே குரல். "ரெஜி, வாசல்ல என்னடி சத்தம்? யாரு செத்தா?"

போனில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் போனைக் காதிலிருந்து இறக்கினார்கள். எட்வர்ட் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தான். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தார், சகாயமேரியைப் பார்த்தார்.

"எனக்கு நாளைக்குக் கண்ணு ஆபரேஷன்டி. அதுக்குத்தான் ஃபாதர் வந்துட்டுப் போனாரு. அதுவரைக்கும்கூட உனக்குப் பொறுக்கலையா?" என்று சொல்லிவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

அவர் திட்டியிருக்கலாம். அந்தச் சிரிப்பைவிட அது எவ்வளவோ மேல். அதற்குள் ரெஜியின் போன் அடித்தது. ரெஜி பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். நிம்மியின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "ரெஜி, டீச்சர் தவறிட்டாங்கன்னு யார் யாரோ போன் பண்ணிச் சொல்றாங்க. உங்க வீட்டுலேருந்து யாரும் கூப்பிடலையே, அதான் உன்னையே கேட்டுக்கலாம்னு."

"அம்மா இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க நிம்மி."

"அப்பாடா. சாப்பிடட்டும், சாப்பிடட்டும்" என்று வைத்துவிட்டாள். வீட்டுக்காரர்களே கூப்பிடாமல் வண்டியை எடுப்பதில்லை என்பது நிம்மி கடையில் முதல் நாளிலிருந்து உள்ள வழக்கம். அந்த வழக்கம் இவ்வளவு நாளாக வெறும் சோம்பேறித்தனம் என்று சகாயமேரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பங்கில் ரொம்ப நாளைக்கு இதே பேச்சு. யாராவது பூசையில் இருமினால், "மெதுவா இருமுப்பா, மேரி காதுல விழப்போகுது" என்பார்கள். சகாயமேரிக்குத் தன்மேல் கோபம் வந்ததா என்றால் இல்லை. "இவ கடை போடாம இருந்தா நான் ஏன் ஓடறேன்?" என்று எட்வர்டிடம் கேட்டாள். கோவில் வாசலில் நிம்மியைப் பார்த்தபோது, அவள் கிண்டலாக ஒரு வார்த்தை சொல்வாள், அதைப் பிடித்துக்கொண்டு நாலு தெரு கேட்கச் சண்டை போடலாம் என்று தயாராக இருந்தாள். நிம்மியோ, "அக்கா, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கெட்டிக்காரியாக இருக்கட்டும், போகட்டும். நல்லவளாகவும் இருந்து தொலைக்க வேண்டுமா?

மழைக்காலம் முடிந்த சமயத்தில் டீச்சர் நிஜமாகவே காலமானார். தூக்கத்திலேயே போய்விட்டார். காலையில் சகாயமேரியின் போன் அடித்தது. ரெஜி.

"அக்கா, அம்மா போயிட்டாங்க." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "நீங்கதான் செய்யணும். அம்மா சொல்லி வச்சிருக்காங்க. 'சாகறதுக்கு முன்னாடியே என்னைத் தேடி வந்தவ அவ ஒருத்திதான், அவளுக்கே குடு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க" என்றாள்.

சகாயமேரிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கையில் ஏந்திய தாய் அல்லவா? ஆனால் அழுகைக்கு அடியில் தேன் குடித்த மாதிரி ஒரு இனிப்பும் ஓடியது. கடைசியில் தனக்குத்தான். போடி நிம்மி!

"நான் வந்துக்கிட்டே இருக்கேன் ரெஜி. நீ எதுக்கும் கவலைப்படாத, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் வண்டி ஊரில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

கட்டட வேலைக்கு வந்த ஒரு கொத்தனார் இறந்துபோய், கொள்ளேகாலத்துக்கு அப்பால், சொந்த ஊரான ராமாபுரத்தில் அடக்கம் பண்ண வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எட்வர்ட் முந்தின நாள் கிளம்பிப் போயிருந்தான். ஐஸ் பெட்டியும் அந்த வண்டியில்தான் இருந்தது. அவனைக் கூப்பிட்டாள்.

"திரும்பி வரும்போது கொள்ளேகாலத்துல வண்டி நின்னுடுச்சு மேரி. மெக்கானிக் இனிமேதான் வரணும். எப்படியும் சாயங்காலம் ஆயிடும்."

"டீச்சர் போயிட்டாங்க."

"இந்தத் தடவை நெஜமாவா?"

அவனைத் திட்டக்கூட நேரம் இல்லை. பன்னிமண்டபம் பக்கத்தில் இருந்த இன்னொரு கடைக்குப் போன் பண்ணினாள். வண்டி பெங்களூர் போயிருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் கேட்டாள். வெளியாட்களுக்குத் தர மாட்டோம் என்றார்கள். இதற்குள் ரெஜி மறுபடியும் கூப்பிட்டாள். "அக்கா, எங்க வந்துட்டீங்க?"

"இதோ, சர்க்கிள்கிட்ட வந்துட்டேன்" என்றாள் சகாயமேரி, கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. பழக்கம்.

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. டீச்சரை இப்படியே விட்டால் பகல் ஏறியதும் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாதாவே, இதைவிட என்னையும் டீச்சரோடு கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டு நிம்மியைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க அக்கா." முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

"டீச்சர் தவறிட்டாங்க."

"தெரியும் அக்கா. உங்களுக்குத்தான் சொல்லியிருக்காங்கன்னும் கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

"எங்க வண்டி கொள்ளேகாலத்துல நின்னுடுச்சு."

நிம்மி சிரிப்பாள், இல்லை, ஒரு பெருமூச்சாவது விடுவாள் என்று சகாயமேரி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். "ஐஸ் பெட்டியும் அதுலதானா?" என்றுதான் நிம்மி கேட்டாள். "சரி. அந்தச் சந்துல பெரிய வண்டி திரும்பாது, சின்னதை அனுப்பறேன். டீச்சர் வீட்டு பிளக் பாயின்ட் பழசு, பசங்க நீள ஒயர் எடுத்துக்கிட்டு வருவாங்க. நீங்க மொதல்ல ரெஜிகிட்ட போங்க அக்கா, அவ தனியா இருப்பா."

சகாயமேரி போனை வைக்கவில்லை. "வண்டியில உன் கடைப் பேரு எழுதியிருக்குமே?"

"மறைச்சு அனுப்பறேன் அக்கா."

மறைத்தே அனுப்பினாள். பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பங்கில் யாரும் பார்த்திராத புதுப் பையன்கள் சகாயமேரியிடம் நேராக வந்து, "மேடம், எங்க வைக்கலாம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். எங்கே வைக்க வேண்டும் என்று அவளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவள் கையைக் காட்டுவதற்கு முன் ஒயர் போட்டு முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் முன்னால் அவள் போன் அதிரும். "அக்கா, நாற்காலி கிளம்பிடுச்சு, ரெஜிகிட்ட சொல்லிடுங்க." "அக்கா, குழிக்குச் சொல்லியாச்சு." "கோவில்ல பூசை மூணு மணிக்கு, ஃபாதர் சரின்னுட்டாரு." சகாயமேரி அதை அப்படியே ரெஜியிடம் ஒப்பித்தாள். ரெஜியின் முகத்தில் நிம்மதி பரவுவதைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தன் பேச்சைக் கேட்டு ஒரு துக்க வீட்டுக்காரி இப்படி மூச்சு விட்டதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பேச்சு நிம்மியுடையது!

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டீச்சரைக் குளிப்பாட்டியபோதுதான் மனம் கொஞ்சம் அமைதியானது. "கையைக் கொடுங்க டீச்சர். அவ்வளவுதான்" என்றாள். பள்ளிக்கூட விழாவுக்கு அவர் கட்டுகிற வெளிர்நீலப் பட்டுப் புடவையைக் கட்டி, கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். சிரித்த முகமாகவே இருந்தார். அந்த நேரம் முழுக்க நிம்மி என்று ஒருத்தி உலகத்தில் இருப்பதே சகாயமேரிக்கு மறந்திருந்தது.

கதவைத் திறந்தால் நிம்மி நின்றிருந்தாள். மற்றவர்களைப் போல ஒரு மாலையோடு, துக்கம் கேட்க வந்தவளாக. டீச்சரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இப்படி ஒரு கொசுவம் எனக்கு வரவே வராது அக்கா. எங்க கடையில இதுக்கு ஆளே கிடையாது" என்றாள் மெதுவாக. இதில் குத்தல் எங்கே இருக்கிறது என்று சகாயமேரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அகப்படவில்லை. அதனால் இன்னும் கடுப்பாக இருந்தது.

பூசை சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு முடிந்தது. கூட்டம் சாலையை அடைத்தது, ஆனால் வண்டி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து சகாயமேரியின் தோளைத் தொட்டார்கள். "மேரி, இப்படி ஒரு அடக்கம் நான் பார்த்ததே இல்ல." "உன்னைப் போய்க் கேலி பண்ணிட்டோமே." ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே போய்த் தைத்தது. நிம்மி யாரிடமாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஒருத்தியிடம் சொல்லியிருந்தால்கூட, 'பார்த்தியா, உதவி பண்ணிட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறா' என்று நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். டேவிஸையும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள் போலிருக்கிறது. அவன் வந்து, தன் சொந்த வண்டியையே பார்த்துக்கொண்டு, "அண்ணி, வண்டி எங்கேருந்து எடுத்தீங்க, நல்லா இருக்கே" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கடைசியாக ரெஜி வந்தாள். அழுது சிவந்த கண்ணோடு சகாயமேரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. எல்லாரும் நிம்மிகிட்டதான் குடுக்கச் சொன்னாங்க. அம்மா சொல்லிட்டாங்களேன்னு பயந்துக்கிட்டேதான் உங்களைக் கூப்பிட்டேன். இப்பத்தான் தெரியுது. நிம்மிகிட்ட குடுத்திருந்தா இவ்வளவு நல்லா நடந்திருக்குமா?"

நிம்மி அங்கேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

இந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்ல வேண்டும், அதுவும் நிம்மி கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று சகாயமேரி எத்தனை பூசையில் முழங்காலில் நின்றிருக்கிறாள்! வந்தேவிட்டது. அவள் நிம்மியைப் பார்த்தாள். நிம்மி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், எல்லாவற்றையும் ரெஜியிடம் கொட்டியிருப்பாள். நிம்மி நிமிரவில்லை. தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"நடந்திருக்காதும்மா" என்றாள் சகாயமேரி.

ரெஜி அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு நகர்ந்தாள். நிம்மி ஒரு பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து சகாயமேரியிடம் நீட்டினாள்.

"காலையிலேருந்து நீங்க ஒண்ணுமே குடிக்கல அக்கா."

சகாயமேரி அதை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். அது நல்ல குளிர்ச்சியாகவும் இருந்து தொலைத்தது.